மருந்து ஒவ்வாமையும் ஜாதவ்பூர்ச் சாலையும்

நோயைத் தீர்ப்பதற்கென்று உட்கொள்ளும் மருந்தே சிலருக்கு நோயாக முடிவதை உலகம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கப்படுகிறது. அண்ணனுக்குச் சுரம் தணிகிறது. தம்பிக்கோ உடலெங்கும் தடிப்பு எழும்பி, முகம் வீங்கி, மூச்சும் திணறுகிறது. “இந்த மருந்து அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி முடித்துவிடுவார்கள். ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்ற கேள்விக்கு விடை தேடியவர்களின் வரலாற்றை இவ்வுரையில் கூறப் புகுகிறோம்.

இந்த வரலாற்றை எந்த நகரத்திலிருந்தும் தொடங்கலாம். நாம் கல்கத்தாவின் தென்பகுதியாகிய ஜாதவ்பூரிலிருந்து தொடங்குகிறோம். காரணம் உண்டு. தாயகத்தை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இந்நகரம் புதியதன்று. லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அங்கிருந்து கரியாஹாட், டாகுரியா வழியாகத் தெற்கே சென்றால் ராஜா சுபோத் சந்திர மல்லிக் சாலை வருகிறது. 1905-ஆம் ஆண்டில், வங்கப் பிரிவினையை எதிர்த்து நாடு கொந்தளித்தபோது, தேசியக் கல்விக்கென ஒரு லட்சம் ரூபாயை அள்ளிக் கொடுத்தவர் சுபோத் சந்திர மல்லிக். ‘ராஜா’ என்னும் பட்டம் மக்கள் அன்பால் அவருக்குச் சூட்டியது. அவர் உதவிய தேசியக் கல்வி இயக்கத்தின் வழித்தோன்றலே 1955-ஆம் ஆண்டு டிசம்பரில் உருவான ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகம்.

நம்மவர்க்கு இப்பகுதியோடு இன்னோர் உறவும் உண்டு. சர் சி. வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் ஆராய்ச்சி நிகழ்த்திய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் 1928-இல் பௌபஜார் தெருவில் இருந்தது. நாடு விடுதலை பெற்றதையொட்டிய ஆண்டுகளில் அது ஜாதவ்பூருக்கு இடம் பெயர்ந்தது.

ஆயினும் நமது கதைக்கு வேண்டியவை அச்சாலையில் உள்ள வேறு இரண்டு நிலையங்கள். ஒன்று காசநோய் மருத்துவமனை. மற்றொன்று இந்திய வேதி உயிரியல் ஆராய்ச்சி நிலையம். முன்னதில் நோயாளிகள் படுத்திருந்தார்கள். பின்னதில் உடலின் அணுக்களுக்குள் நிகழும் ரசாயன மாற்றங்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். ஒன்றில் எழுந்த கேள்விகளுக்கு உரிய விடையின் ஒரு பகுதி மற்றொன்றின் துறைக்குள் அடங்கியிருக்கிறது என்பதே நாம் சொல்ல விழைவது.

ஜாதவ்பூர்க் காசநோய் மருத்துவமனை 1920-களில் தோன்றியது. அதனை வளர்த்தெடுத்த டாக்டர் குமுத் சங்கர் ராயின் பெயரே பின்னர் அதற்குச் சூட்டப்பட்டது. டாக்டர் பிதான் சந்திர ராயும் அதன் தோற்றத்திற்குத் துணை நின்றவர்களுள் ஒருவர். அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. தூய காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகிய இவையே சிகிச்சை. வங்கத்தின் இளங்கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா 1947-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் இம்மருத்துவமனையில்தான் கண் மூடினார். அவருக்கு வயது இருபதுதான். ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து 1943-இலேயே அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்டிருந்தும், அது எளியவர்களின் கைக்கு எட்டாத அரும்பொருளாகவே அன்று இருந்தது.

பின்னர் நிலைமை விரைந்து மாறியது. ஸ்ட்ரெப்டோமைசினை அடுத்து, ஸ்வீடன் நாட்டு லேமன் கண்ட பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் வந்தது. 1952-இல் ஐஸோநியாசிட் வந்தது. இம்மருந்துகள் இருக்கும்போது நோயாளியை மாதக்கணக்கில் மருத்துவமனையில் அடைத்து வைக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை கூறியது நமது சென்னை. 1956-இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், ஏழை நோயாளிகளைக் குடிசைகளிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் மருத்துவமனையில் வைத்துக் கொடுத்தாலும் குணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது என்று 1959-இல் உலகுக்கு அறிவித்தது. சேத்துப்பட்டில் உள்ள அந்நிலையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது.

மருந்துகள் வந்தன, அவற்றோடு புதியதொரு தொல்லையும் வந்தது. இம்மருந்துகள் எங்கெல்லாம் வழங்கப்பட்டனவோ அங்கெல்லாம் ஒரு சிலருக்கு, மருந்து தொடங்கிய சில வாரங்களில், திடீரெனச் சுரமும் அரிப்பும் செந்தடிப்பும் கண்டன. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை நாள்தோறும் கையாண்ட தாதியர் சிலருக்குக் கைகளிலும் கண்ணிமைகளிலும் கரப்பான் போன்ற புண் ஏற்பட்டது. மலிவு விலை காரணமாக நமது நாட்டில் பல்லாண்டுகள் பயன்பட்ட தயாசெடசோன் என்னும் மருந்து, சிலருக்குத் தோலையே உரித்துவிடும் கொடிய எதிர்விளைவை உண்டாக்கியது. எச். ஐ. வி. கிருமி தொற்றியவர்களுக்கு அவ்விளைவு உயிருக்கே ஆபத்தாக முடிவது 1990-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் கண்டறியப்பட்டது. ஏன் அவர்களுக்கு மட்டும் அத்தனை கடுமை? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

‘அலர்ஜி’ என்னும் சொல் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே என்பவர் 1906-இல் படைத்த சொல். வேற்றுப் பொருள் ஒன்றை ஒரு முறை சந்தித்த உடல், மறுமுறை அதனைச் சந்திக்கும்போது வேறு விதமாக நடந்துகொள்கிறது என்பதே அச்சொல்லின் கருத்து. அதே மருத்துவர்தான் மறு ஆண்டில் காசநோயைக் கண்டறியும் தோல் சோதனையையும் வகுத்தார். காசநோயும் ஒவ்வாமையும் இவ்வாறு ஆதியிலேயே ஒரே மனிதரின் சிந்தனையில் சேர்ந்திருந்தன. அவருக்குச் சற்று முன்பு, 1902-இல், பிரான்ஸ் நாட்டு ரிஷேயும் போர்ட்டியேயும் நாய்களுக்குக் கடல் அனிச்சம் என்னும் உயிரினத்தின் நஞ்சைச் சிறு அளவில் செலுத்தி, சில வாரங்கள் கழித்து மீண்டும் செலுத்தினார்கள். இரண்டாம் முறை மிகச் சிறிய அளவே நாய்களைக் கொன்றுவிட்டது. காப்பாற்ற வேண்டிய உடலின் தற்காப்பே அழிவுக்குக் காரணமாவதை அச்சோதனை காட்டியது.

இங்கே ஒரு புதிர் தோன்றியது. உடலின் காவற்படை பொதுவாகப் பெரிய புரதங்களையே பகையென்று அடையாளம் காணும். மாத்திரையிலுள்ள மருந்தோ மிகச் சிறிய மூலக்கூறு. அது எவ்வாறு காவற்படையின் கண்ணில் படுகிறது? லாண்ட்ஸ்டைனர் என்னும் பேரறிஞர் இதற்கு விடை கண்டார். சிறிய மூலக்கூறு தனித்து நிற்கும்போது படை அதனைப் பொருட்படுத்துவதில்லை. அது நம் உடலின் புரதம் ஒன்றோடு ஒட்டிக்கொண்டால், அந்தப் புரதமே வேற்று முகம் பூண்டு நிற்கிறது, படை கிளம்பிவிடுகிறது. பென்சிலின் இவ்வாறு தானாகவே புரதத்தோடு ஒட்டிக்கொள்ள வல்லது. ஆனால் சல்பா மருந்துகள் போன்ற பலவற்றுக்கு அந்த ஒட்டும் குணம் இயல்பில் இல்லை. அவை எங்கே, எப்போது அக்குணத்தைப் பெறுகின்றன?

விடைக்கு, உடலுக்குள் எரியும் நெருப்பைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். நாம் சுவாசிக்கும் பிராணவாயுவாகிய ஆக்சிஜனைக் கொண்டே அணுக்கள் உணவை எரித்துச் சக்தி பெறுகின்றன. அடுப்பு எரிந்தால் தீப்பொறி தெறிக்காமல் இராது. அதுபோல இந்த எரிப்பிலும் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் என்னும் முரட்டுப் பொருள்கள் தெறிக்கின்றன. இவை எதிர்ப்பட்ட கொழுப்பையும் புரதத்தையும் தாக்குகின்றன. மருந்துகளைச் செரித்து வெளியேற்றும் ஈரல், படையெடுத்த கிருமிகளைச் சுட்டெரிக்கும் வெள்ளணுக்கள் ஆகிய இடங்களில் இப்பொறிகள் மிகுதி.

தீப்பொறியோடு அடுப்பைப் படைத்த இயற்கை, அணைப்பதற்குத் தண்ணீர்க் குடத்தையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹாப்கின்ஸ் 1921-இல் பிரித்தெடுத்துப் பெயரிட்ட குளூட்டாதயோன் என்பது அத்தகைய குடங்களுள் தலையாயது. ஏறக்குறைய நம் அணுக்கள் அனைத்திலும் அது இருக்கிறது. சூப்பராக்சைடை அடக்கும் நொதியை மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969-இல் அறிவித்தார்கள். காட்டலேஸ் என்னும் நொதி ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுகிறது. உணவின் வழியே வரும் வைட்டமின் சி, வைட்டமின் ஈ ஆகியனவும் இக்காவலில் பங்கு கொள்கின்றன. பொறிகள் மிஞ்சி, குடத்து நீர் குறைந்துபோகும் நிலைக்கு ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்ற பெயரை ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் சீஸ் 1985-இல் நிலைநாட்டினார்.

இக்காவல் குறைந்தால் மருந்து எவ்வாறு பகையாகும் என்பதை முதன்முதலில் தெளிவாக உணர்த்தியது மலேரியா மருந்தாகிய பிரைமாகுவின். அம்மருந்தை உட்கொண்ட சிலருக்கு மட்டும் இரத்தத்தின் செவ்வணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து, சோகை உண்டாயிற்று. பலர் இதனை அலர்ஜி என்றே கருதியிருக்கக் கூடும். 1956-இல் சிகாகோ ஆராய்ச்சியாளர்கள் உண்மையைக் கண்டார்கள். அவர்களது செவ்வணுக்களில் ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தது. செலவான குளூட்டாதயோனை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கு அந்நொதியின் உதவி இன்றியமையாதது. குடம் இருக்கிறது, அதை நிரப்புவதற்குக் கிணறு இல்லை. அத்தகையவருக்கு மருந்து மூட்டும் பொறியே பெருந்தீயாகிவிடுகிறது.

பிரைமாகுவின் உண்டாக்கும் இக்கேடு உண்மையில் ஒவ்வாமை அன்று. காவற்படைக்கு அதில் பங்கில்லை. எனினும் அது ஒரு பாடம் புகட்டியது. மருந்தின் கொடுமையை மருந்தில் மட்டும் தேடுவது போதாது, அதை ஏற்கும் உடலின் இருப்பையும் பார்க்க வேண்டும் என்பதே அப்பாடம்.

சல்பா மருந்துகளின் புதிர் அடுத்து அவிழ்ந்தது. 1986-இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள், சல்பா மருந்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். ஈரலின் நொதிகள் இம்மருந்தின் ஒரு சிறு பகுதியை ஆக்சிஜனேற்றம் செய்து ஹைட்ராக்சிலமைன் என்னும் வடிவாக மாற்றுகின்றன. அது மேலும் ஆக்சிஜனேறி நைட்ரோசோ வடிவத்தை அடைகிறது. இந்த நைட்ரோசோ வடிவத்துக்குத்தான் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் இருக்கிறது. குளூட்டாதயோனும் வைட்டமின் சி-யும் போதிய அளவு இருந்தால் அவ்வடிவத்தைத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். குறைந்திருந்தால் அது புரதங்களில் ஒட்டி, லாண்ட்ஸ்டைனர் கூறிய வேற்று முகத்தை உண்டாக்கிவிடும். எச். ஐ. வி. தொற்றியவர்களின் உடலில் குளூட்டாதயோன் குறைந்திருப்பது 1989-இல் அறியப்பட்டது. அவர்களுக்குச் சல்பா ஒவ்வாமை மற்றவர்களைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியாக நேர்வதற்கு இது ஒரு காரணமாகலாம் என்ற கருத்து பிறந்தது. முன்பு மனத்தில் இருத்திய கேள்விக்கும் இங்கே ஓரளவு ஒளி கிடைக்கிறது.

இன்னொன்றும் தெரிய வந்தது. வேற்று முகம் ஒன்றே காவற்படையை எழுப்பப் போதாது. அணுக்கள் துன்புற்று எழுப்பும் அபாய மணியும் கேட்க வேண்டும் என்று பாலி மாட்சிங்கர் என்னும் அம்மையார் 1994-இல் வாதித்தார். ஆக்சிஜனேற்ற அழுத்தம் அம்மணியை ஒலிக்கச் செய்வனவற்றுள் ஒன்று. அணுக்களுக்குள் கீப்-1 என்னும் புரதம் அழுத்தத்தை உணரும் காவலாளியாக நிற்கிறது. ஒட்டும் குணமுள்ள பொருள் வந்து தொட்டவுடன் அது தன் பிடியில் உள்ள மற்றொரு புரதத்தை விடுவிக்க, காப்பு நொதிகள் பலவும் உற்பத்தியாகத் தொடங்குகின்றன. தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்களை விலங்குகளைத் துன்புறுத்தாமலே கண்டுபிடிக்க, இந்த அணுக்காவலாளியின் அசைவையே அளந்து பார்க்கும் சோதனை 2015-இல் பல நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பால் ஏற்கப்பட்டது.

உலகெங்கும் நடந்த இத்தேட்டத்தில் கல்கத்தாவின் பங்கு சிறிதன்று. கல்கத்தாப் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் இந்து பூஷண் சாட்டர்ஜி, வைட்டமின் சி-யைத் தன் வாழ்நாட்பணியாகக் கொண்டவர். தவளையும் பல்லியும் அதனைத் தம் சிறுநீரகத்தில் ஆக்கிக்கொள்கின்றன. ஆடு, மாடு முதலிய பாலூட்டிகள் ஈரலில் ஆக்கிக்கொள்கின்றன. மனிதன், குரங்கு, கினிப்பன்றி முதலியனவோ அந்த ஆற்றலை இழந்து உணவையே நம்பி நிற்கின்றன என்ற பரிணாம வரலாற்றை அவர் 1973-இல் ‘சயன்ஸ்’ இதழில் தொகுத்துரைத்தார்.

அதே ஆண்டில் அவரது குழுவினர் வேறொரு கட்டுரையும் வெளியிட்டனர். அதன் ஆசிரியர் வரிசையில் முதலில் நிற்கும் பெயர் என். சுப்பிரமணியன். அப்பெயரைக் காணும் வெளிமாநிலத் தமிழருக்கு உள்ளம் சற்றே நிமிர்வது இயல்பு. ஒவ்வாமையின்போது அரிப்பையும் வீக்கத்தையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்குவது ஹிஸ்டமின் என்னும் பொருள். அதன் செயலை டேலும் லெய்ட்லாவும் 1910-லேயே விளக்கியிருந்தனர். வைட்டமின் சி அந்த ஹிஸ்டமினைச் சிதைத்துத் தீங்கற்றதாக்க வல்லது என்பதே கல்கத்தாக் குழுவின் கண்டுபிடிப்பு. வைட்டமின் சி இன்றி வளர்த்த கினிப்பன்றிகளின் சிறுநீரில் ஹிஸ்டமின் பெருகியதையும், அதனை ஊட்டியவுடன் குறைந்ததையும் அவர்கள் காட்டினார்கள்.

இனி ஜாதவ்பூருக்குத் திரும்புவோம். 1935-இல் கல்கத்தாவில், அரசு சாராத முதல் மருத்துவ ஆராய்ச்சி நிலையமாகத் தோன்றிய அமைப்பை, 1956-இல் மத்திய அரசின் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் ஏற்றுக்கொண்டது. 1980-களின் தொடக்கத்தில் அது இந்திய வேதி உயிரியல் நிலையம் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. அங்கே ரணஜித் பானர்ஜியும் அவரது தோழர்களும் இரைப்பையை ஆராய்ந்தார்கள். வலி நீக்கும் மாத்திரைகள் வயிற்றுப் புண்ணை உண்டாக்குவதை யாவரும் அறிவோம். இரைப்பையின் பெராக்சிடேஸ் என்னும் காப்பு நொதியை அம்மாத்திரைகள் முடக்கிவிடுவதை அவர்கள் 1990-இல் எடுத்துக்காட்டினார்கள். மன, உடல் நெருக்கடியால் எலிகளின் வயிற்றில் தோன்றும் புண்ணுக்கு ஹைட்ராக்சில் என்னும் அந்த முரட்டுப் பொறியே முதன்மைக் காரணம் என்று 1997-இல் நிறுவினார்கள். இவை ஒவ்வாமை ஆராய்ச்சிகள் அல்ல. ஆயினும் மருந்து மூட்டும் தீயும் உடல் வைத்திருக்கும் நீரும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் களத்தை அவை கண்முன் நிறுத்தின. இப்பொருளை விளக்கி அவர்கள் 1999-இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இன்றும் மாணவர்களால் படிக்கப்படுகிறது.

அடுத்த ஆண்டிலேயே, காசநோய் மருந்துகளாகிய ஐஸோநியாசிட்டும் ரிஃபாம்பிசினும் எலிகளின் ஈரலில் குளூட்டாதயோனைக் குறைத்துக் கேடு செய்வதையும், அசெட்டில் சிஸ்டீன் என்னும் பொருளைக் கூடவே கொடுத்தால் அக்கேடு தடைப்படுவதையும் சண்டிகர் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். குளூட்டாதயோனை உடல் ஆக்கிக்கொள்வதற்கு அசெட்டில் சிஸ்டீன் மூலப்பொருளாகிறது.

இவ்வளவையும் கேட்ட எவருக்கும் ஓர் எண்ணம் தோன்றும். அப்படியானால் ஒவ்வாமை உடையவர்கள் வைட்டமின் சி மாத்திரையையோ அசெட்டில் சிஸ்டீனையோ முன்கூட்டி விழுங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிடாதா? கடைத்தெருவில் விற்கும் பல குப்பிகளின் மேல் அச்சிட்டிருக்கும் விளம்பரமும் அதைத்தான் கூறுகிறது. விஞ்ஞானிகளும் அவ்வாறே நம்பிச் சோதித்துப் பார்த்தார்கள். 1990-களின் பிற்பகுதியில், சல்பா மருந்து தொடங்கவிருந்த எச். ஐ. வி. நோயாளிகளுக்கு அசெட்டில் சிஸ்டீன் கொடுத்துப் பார்த்த சோதனைகள் நடந்தன. ஒவ்வாமை தடைபடவில்லை. பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவரின் ஈரலைக் காக்கும் அதே அசெட்டில் சிஸ்டீன், ஒவ்வாமையின் முன்னே கைவிரித்துவிட்டது.

ஏன் அவ்வாறு நேர்ந்தது என்பதற்கும் விளக்கம் உண்டு. தீயை அணைக்கும் நீர் காரணங்களுள் ஒன்றுதான். காவற்படையின் பிறவி அமைப்பும் பெருங்காரணம். வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபின் சிலருக்குத் தோல் உரியும் கொடுமையைச் செய்வதற்கு, எச்எல்ஏ என்னும் மரபணுக் குறியின் ஒரு வகை காரணமாயிருப்பதைத் தைவான் நாட்டினர் 2004-இல் கண்டார்கள். தொழுநோய் மருந்தாகிய டாப்சோனுக்கும் அத்தகைய குறி ஒன்று சீன மக்களிடையே 2013-இல் கண்டறியப்பட்டது. ஒவ்வாமை என்பது மருந்தின் மாற்றம், உடலின் காப்பு, மரபின் அமைப்பு, உடனிருக்கும் நோய் ஆகிய பல நூல்கள் சேர்ந்து முறுக்கேறிய கயிறு. ஒரு நூலை மட்டும் அறுத்தால் கயிறு அறுந்துவிடாது.

ஆதலின், நூற்றாண்டுக் காலத் தேட்டம் நமக்குக் கூறும் முடிவு இது. நெல்லிக்காயும் கொய்யாவும் கீரையும் உண்பது நன்று. உடலின் இயல்பான காப்புக்கு அவை வேண்டும். ஆனால், ஒருமுறை நம்மைத் தாக்கிய மருந்தை, வைட்டமின் துணையிருக்கிறது என்ற துணிவில் மீண்டும் தீண்டலாகாது. இன்றைய நிலையில் நம்பத்தக்க காப்பு, எந்த மருந்து நம்மைத் தாக்கிற்று என்ற அறிவே.

அந்த அறிவுதான் வெளிமாநிலத்தில் வாழ்வோரிடம் எளிதில் தொலைந்துபோகிறது. மதுரையிலோ தஞ்சையிலோ குடும்ப மருத்துவர் ஒருவர் இருந்தார். சிறு வயதில் இவனுக்கு ஊசி போட்டு மயக்கம் வந்ததை அவர் அறிவார். கல்கத்தாவிலோ பம்பாயிலோ டில்லியிலோ இரவு நேரத்தில் மருத்துவமனைக்குச் சென்றால், அங்குள்ள இளம் மருத்துவருக்கு அது தெரிய வழியில்லை. “சின்ன வயதில் ஏதோ ஒரு மஞ்சள் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை” என்று நமக்குத் தெரிந்த மொழியில் சொன்னால் அவருக்கு விளங்காது, விளங்கினாலும் பயன்படாது. தாய் தந்தையர் நினைவில் மட்டும் வாழும் இச்செய்தி அவர்களோடு மறைந்தும் போகிறது.

ஆகவே நாம் செய்யத்தக்கது எளியது. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு சீட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மருந்து, எந்த ஆண்டில், மருந்து உட்கொண்டு எத்தனை மணி அல்லது எத்தனை நாள் கழித்து, உடலில் என்ன தோன்றிற்று என்னும் நான்கு செய்திகள் அதில் இருந்தால் போதும். கடைப்பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஆதலின் மருந்தின் ரசாயனப் பெயரை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தமிழில் ஒரு பிரதியும், மருத்துவர் எங்கும் படிக்கத்தக்க ஆங்கிலத்தில் ஒரு பிரதியும் இருத்தல் நலம். விவரம் தெளிவாக இருப்பதால் வேறொரு நன்மையும் உண்டு. பென்சிலின் ஒவ்வாது என்று நம்பியிருப்பவர்களை முறையாகச் சோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு அது ஒவ்வும் என்றே தெரிய வருகிறது. வீணான அச்சத்தால் நல்ல மருந்தை இழப்பதும் ஓர் இழப்பே.

காசநோய்க்கு மருந்து உட்கொள்வோர் ஒன்றை முக்கியமாக நினைவில் கொள்ள வேண்டும். தடிப்பு கண்டவுடன் தாமாகவே மருந்தை விட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடுதல் தவறு. நோய் மீண்டும் தலையெடுத்து, மருந்துக்கு அடங்காத உருவம் கொள்ளக்கூடும். மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் தேவைப்படின் மருந்துகளை நிறுத்தி, பின்னர் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்து, குற்றவாளியை மட்டும் விலக்கிச் சிகிச்சையை முடித்துவைப்பார். வேலை நிமித்தம் ஊர் மாறினாலும் அரசுக் காசநோய்ச் சிகிச்சையை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ள வழியுண்டு. எந்த மருந்தாயினும், அதை உட்கொண்டபின் முகமோ நாக்கோ வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும், வாயிலும் கண்ணிலும் புண் கண்டாலும், தோல் உரிந்தாலும், கண் மஞ்சளித்தாலும், ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனையை அடைய வேண்டும்.

இத்தகைய தீங்குகளை நாடு முழுவதும் திரட்டி ஆராய, 2010-இல் இந்தியாவில் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது; மறு ஆண்டு முதல் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையம் அதனை நடத்தி வருகிறது. மருத்துவர்கள் மட்டுமன்றி, நோயாளிகளும் தமக்கு நேர்ந்ததை அதற்குத் தெரிவிக்கலாம். ஒருவர் எழுதும் சில வரிகள், எங்கோ முகமறியாத மற்றொருவரைக் காக்கும்.

ராஜா சுபோத் மல்லிக் சாலையில் இன்று வாகனங்கள் நெருக்கியடித்துச் செல்கின்றன. காசநோய் மருத்துவமனையின் பழைய வளாகத்தில் மருத்துவக் கல்லூரி ஒன்று எழுந்துவிட்டது. மருந்தே இல்லாமல் இளங்கவிஞன் ஒருவன் மாண்ட இடத்தில், மருந்துகள் நிறைந்த காலத்தில் நாம் வாழ்கிறோம். மருந்து கிடைக்காமையால் வந்த துன்பத்தை முந்திய தலைமுறை பட்டுத் தீர்த்தது. கிடைத்த மருந்தை அறியாமல் உண்டு வரும் துன்பத்தைத் தவிர்ப்பது நம் தலைமுறையின் கையில் இருக்கிறது. அதற்கு வேண்டுவது ஒரு சிறு சீட்டும், அதனை மறவாமல் உடன் கொண்டு செல்லும் பழக்கமுமே.